பேசினில் ஒரு பிள்ளைக்காம்பரா

பதுளை டவுனில் கண்ணாடித் தொட்டியில் மீன் வளர்க்கிற வீடு எதற்குப் போய்க் கேட்டாலும் என்னைத் தெரியும் என்பார்கள். தெரியாது என்று ஒரு வீட்டில் சொன்னால் அந்த வீட்டு மீன் உயிரோடு இருக்காது. பெருமைக்காகச் சொல்லவில்லை, உள்ளதைச் சொல்கிறேன். ஹாலிஎலப் பக்கத்துத் தேயிலைத் தோட்டம் ஒன்றில், லயத்து வரிசையில் கடைசிக் காம்பராவில், ஒரே அறையில், பிறந்தவன் நான். ஐந்தாம் வகுப்புக்கு மேல் பள்ளிக்கூடம் எனக்குச் சரிவரவில்லை. டவுனில் ஒரு முதலாளியின் புடவைக் கடையைக் கூட்டிப் பெருக்கப் போனேன். அவர் கல்லாப் பக்கத்தில் ஒரு மீன் தொட்டி வைத்திருந்தார். கூட்டுகிறவனே தொட்டியையும் கழுவட்டும் என்றார். கழுவினேன். கழுவிக் கழுவியே கற்றுக்கொண்டேன். இன்றைக்கு எனக்குச் சொந்தமாக மீன் கடை, மேட்டில் மாடி வீடு, வீட்டுக்குப் பின்னால் தகரக் கூரை போட்ட மீன் அறை. எதையும் யாரும் தூக்கிக் கொடுக்கவில்லை.

வளர்ந்த மீனை வாங்கி விற்பது பெரிய வித்தை இல்லை. குஞ்சைப் பிழைக்க வைப்பதில்தான் ஆளைத் தெரியும். அதிலும் ஏஞ்சல் மீன் குஞ்சு. கப்பி மீன் குட்டி போட்டால் குட்டி அதுபாட்டுக்கு நீந்திப் போய்த் தின்னும். அதைச் சின்னப் பிள்ளையும் வளர்க்கும். ஏஞ்சல் அப்படி இல்லை. முட்டையிட்ட தாயும் தகப்பனுமே முட்டையைத் தின்றுவிடும். முட்டை ஒட்டியிருக்கிற கல்லை அப்படியே எடுத்து வேறு தண்ணீரில் வைக்க வேண்டும். பூஞ்சணம் பிடிக்காமலிருக்க நீல மருந்து சொட்ட வேண்டும். குளிர் படாமல் பார்க்க வேண்டும். பொரித்த பிறகும் குஞ்சு சில நாள் கல்லிலேயே ஒட்டிக்கொண்டு வாலை ஆட்டும். அப்போது தீனி தேவையில்லை. கல்லை விட்டு நீந்த ஆரம்பித்த பிறகு வாயில் தீனி விழவில்லை என்றால் ஒவ்வொன்றாக அடியில் படுத்துவிடும். தீனி கூடினாலும் சாவுதான். தின்னாத தீனி அழுகித் தண்ணீர் கெட்டுப்போகும். தண்ணீரைக் கெடவிட்டுக் குஞ்சைச் சாகடிப்பது நேற்று தொட்டி வாங்கினவன் செய்கிற வேலை. என் கையில் அது நடந்ததே இல்லை. கேட்டவர்களுக்கும் சொல்வேன், கேட்காதவர்களுக்கும் சொல்வேன்.

இந்த வேலையில் எனக்குச் சமமாக நின்ற ஒரே ஆள் என் சம்சாரம்.

கல்யாணத்துக்கு முன் அவள் பூனாகலைப் பக்கத்துத் தோட்டத்தில் பிள்ளைக்காம்பராவில் ஆயாவாக இருந்தாள். கொழுந்தெடுக்கப் போகிற தாய்மார் கைப்பிள்ளைகளை விட்டுவிட்டுப் போவார்களே, அந்த இடத்தில். எந்தப் பிள்ளை பசிக்கு அழுகிறது, எது ஈரத்துக்கு அழுகிறது, எது சும்மா அழுகிறது என்று வாசலுக்கு வெளியே நின்றே சொல்லிவிடுவாளாம். என் வீட்டுக்கு வந்த பிறகு அந்தப் பழக்கத்தை மீனிடம் காட்டினாள். குஞ்சு விட்ட வாயகன்ற பேசினைப் பிள்ளைக்காம்பரா என்றுதான் சொல்லுவாள். “காம்பராவுக்குப் பால் குடுத்தாச்சா?” என்று கேட்டால், குஞ்சுக்குத் தீனி வைத்தாயிற்றா என்று அர்த்தம்.

ஏஞ்சல் குஞ்சுக்கு நல்ல தீனி ஆர்ட்டீமியா என்கிற உப்புநீர்ப் பூச்சி. டின்னில் வருகிற தூசி மாதிரி முட்டையை உப்புத் தண்ணீரில் போட்டுக் காற்று விட்டால் செம்மஞ்சளாகப் பொரிக்கும். நாடு கஷ்டப்பட்ட காலத்தில் அந்த டின் கண்ணில் படவில்லை. அப்போது அவள் அவித்த முட்டையின் மஞ்சள் கருவைப் பழைய மெல்லிய வாயில் சேலைத் துணியில் முடிந்து, பேசின் தண்ணீரில் தொட்டுத் தொட்டுப் பிழிவாள். ஒரு புகை மாதிரி மஞ்சள் இறங்கும். தண்ணீர் கலங்குவதற்கு முன் கையை எடுத்துவிடுவாள். அந்தக் கை எடுக்கிற நேரம் இருக்கிறதே, அதுதான் தொழில். “கொஞ்சமாக் குடுக்கணும், அடிக்கடி குடுக்கணும், குடுத்துட்டு வாயத் தொடச்சி விடணும்” என்பாள். வாயைத் துடைப்பது என்றால் மெல்லிய குழாயால் அடியில் கிடக்கிற மிச்சத் தீனியை உறிஞ்சி எடுப்பது. தீனி வைப்பதற்கு முன் பேசின் விளிம்பில் கரண்டியால் ஒரு தட்டு தட்டுவாள். பிள்ளைக்காம்பராவில் பால்மா டின்னைத் தட்டிப் பழகின கை.

“அதுக்குக் காதே இன்னும் முளைக்கல. யாருக்குத் தட்டுற?” என்பேன்.

“உங்களுக்குத்தான் தட்டுறேன். நீங்க வந்து நின்னு பாத்துட்டு, நாந்தான் வளத்தேன்னு கடையில போயி சொல்லணும்ல?”

அவளுக்குச் சிறுநீரகம் கெட்டுப்போனது. இரத்தம் கழுவ ஆஸ்பத்திரிக்குக் கூட்டிப் போவேன். போனால் அந்தப் பகல் முழுக்க அதற்கே சரி. திரும்பி வந்தால் பிழிந்து போட்ட துணி மாதிரிக் கிடப்பாள். தண்ணீரை அளந்துதான் குடிக்க வேண்டும் என்று டாக்டர் சொல்லிவிட்டார். ஒரு சின்னக் குவளை; அதுதான் விடிந்ததிலிருந்து படுக்கிற வரைக்கும். நாக்கு ஒட்டுகிறபோது ஒரு ஐஸ் துண்டைக் கடைவாயில் ஒதுக்கிக்கொள்வாள். அப்படிப்பட்டவள் நாள் முழுக்க உட்கார்ந்திருக்க ஆசைப்பட்டது தண்ணீர்ப் பக்கத்தில்.

மீன் அறைக்குப் போகப் படி இறங்க வேண்டும். போகப் போக அவளால் அது முடியாமல் போனது. கட்டிலில் சுவரைப் பார்த்துப் படுத்துக்கொள்ளத் தொடங்கினாள். எனக்குப் பொறுக்கவில்லை. சமையலறையை ஒட்டிய சின்ன அறையில் அவள் கட்டிலைத் தூக்கிப் போட்டேன். ஏஞ்சல் ஜோடி முட்டையிட்டதும் கல்லோடு எடுத்து வந்து பேசினில் வைத்து, அந்தப் பேசினைச் சமையலறையிலேயே, குடிதண்ணீர்க் குடமும் அண்டாவும் இருக்கிற மேடையில் அடுப்போரமாக வைத்தேன். அடுப்புச் சூடே போதும், ஹீட்டர் வேண்டியிருக்கவில்லை. காற்று மோட்டரிலிருந்து ஒரு குழாயை மட்டும் மெல்ல விட்டிருந்தேன். கட்டிலில் கிடந்தபடியே அவள் பேசினைப் பார்க்கலாம். இந்த யோசனை வேறு யாருக்கு வரும் என்று என்னை நானே மெச்சிக்கொண்டேன்.

அந்த ஜோடி இட்டதிலேயே அதுதான் நல்ல முட்டை. கல் தெரியாமல் அப்பியிருந்தது. மருந்து சொட்டியதும் தண்ணீர் வான நீலத்துக்கு வந்தது. அவள் படுத்தபடி கேட்பாள்.

“கண்ணு வச்சிருச்சா?”

“வச்சிருச்சு.”

“வெள்ளை தட்டின முட்டைய எடுத்துட்டீங்களா?”

“எனக்கே சொல்லிக் குடுக்கிறியா நீ?”

பொரித்து, கல்லில் ஒட்டி ஆடி, பிறகு நீந்தவும் தொடங்கியது. அன்றைக்குப் பேசினை அவள் மடிக்குப் பக்கத்தில் கொண்டுபோய்க் காட்டினேன். நீலம் முழுக்கப் போகாத தண்ணீருக்குள் கண்ணாடிச் சிராய்கள் மாதிரி அசைந்தன. உற்றுப் பார்த்தால்தான் உயிர். ஏஞ்சல் குஞ்சு பிறந்த உடனே ஏஞ்சலாகத் தெரியாது. கண்ணும் வாலும் வைத்த ஊசி முனை, அவ்வளவுதான். சில வாரம் போன பிறகே மேலும் கீழும் செட்டை நீண்டு தாய் தகப்பன் சாயல் வரும்.

“என்னங்க, இதுக்கு றெக்கை வர்றதப் பாத்துட்டாப் போதும் எனக்கு” என்றாள்.

அந்தச் சில வாரம் தனக்கு இருக்குமா என்று அவளுக்குச் சந்தேகம். எனக்கும் சந்தேகம்தான். முகத்தில் காட்டவில்லை.

“நான் கை வச்ச குஞ்சு எது செத்திருக்கு? இது றெக்கை வச்சு, பெருசாகி, இது போடுற குஞ்சையும் நீதான் வளக்கப் போற.”

“கடையில பேசுற பேச்ச இங்க பேசாதீங்க” என்றாள். ஆனாலும் அன்றைக்குக் கொஞ்சம் சோறு கூடத் தின்றாள்.

அவளுக்கு ஒரு தங்கை. பூனாகலையில் கொழுந்தெடுத்து ஓய்ந்தவள். அக்காளுக்கு முடியாமல் போன பிறகு அடிக்கடி வந்து, துணி துவைத்து, வீட்டைத் துப்புரவாக்கிவிட்டுப் போவாள். வாய் அதிகம். என்னை ஒரு வாங்கு வாங்காமல் பஸ் ஏற மாட்டாள்.

“எங்க அக்காவக் கட்டிக் கூட்டிட்டு வந்து மீனுக்கு ஆயாவாக்கிட்டீங்களே மச்சான். புள்ளக்காம்பராவுலேயே இருந்திருந்தா ஈ.பி.எப்.பாவது வந்திருக்கும்.”

“ஒன் புருசன் ஒன்னையக் கட்டி மகாராணியாவா வச்சிருக்கான்?”

“அவரு என்னைய அட்டைக்கு ரத்தம் குடுக்க வச்சாரு, நீங்க அக்காவ மீனுக்கு முட்டை குடுக்க வச்சீங்க. ரெண்டு பேரும் ஒரே ஆளுதான், போங்க.”

கட்டிலில் கிடக்கிறவள் வயிற்றைப் பிடித்துக்கொண்டு சிரிப்பாள். சிரித்தால் மூச்சு வாங்கும். அதற்கும் நான்தான் காரணம் என்று தங்கை என்னை முறைப்பாள். அவள் கடைசியாக வந்து போனது, நான் பேசினைச் சமையலறைக்கு மாற்றுவதற்கு முன்னால். குஞ்சு பொரித்ததை போனில்தான் கேட்டாள். எங்கே இருக்கிறது என்று அவள் கேட்கவில்லை, நாங்களும் சொல்லவில்லை. குஞ்சு என்றால் மீன் அறையில்தானே இருக்கும்.

கடைசிச் சாயங்காலம் என் சம்சாரம் தன்னை எழுப்பி உட்கார வைக்கச் சொன்னாள். பேசினைக் கொண்டு வந்து பிடித்தேன். விளிம்பில் தட்டினாள். கை நடுங்கியதில் ஒரு தட்டு பல தட்டாகக் கேட்டது. துணியைத் தொட்டுப் பிழிந்து, சரியான நேரத்துக்குக் கையை எடுத்தாள். அந்த நிலைமையிலும் கை தவறவில்லை. குஞ்சுகளின் வயிறு மஞ்சளாகிற வரைக்கும் பார்த்துக்கொண்டிருந்தாள்.

“காம்பராவுல சத்தமில்ல. எல்லாம் வயிறு ரொம்பிருச்சு” என்று சொல்லிப் படுத்தாள்.

விடிகிற நேரத்தில் போய்விட்டாள்.

சாவு வீட்டில் என்ன நடந்தது என்று வரிசையாகச் சொல்ல எனக்கு வராது. கொழும்பிலிருந்து மகன் வந்தான். தங்கை தலையை விரித்துப்போட்டுக்கொண்டு வந்து இறங்கினாள். வாசலில் பந்தல் போட்டார்கள். லைட் கட்ட வந்த ஆள் பிளக் போதவில்லை என்று காற்று மோட்டரைக் கழற்றி, குழாயைச் சுருட்டிச் சுவர்த் தட்டில் வைத்துவிட்டான். அதை நான் பார்த்தேன். அகலமான பேசின், ஒரு நாளைக்குத் தாங்கும் என்று கணக்குப் போட்டேன். ஆட்கள் நடமாட்டத்தில் தூசி விழுமே என்று ஒரு வெள்ளைத் துணியை மேலே போட்டு மூடினேன். இதில் உயிர் இருக்கிறது என்று யாரிடமும் சொல்லவில்லை. சொல்ல வேண்டும் என்று தோன்றவே இல்லை. எங்கள் வீட்டில் பேசினில் மீன் இருக்கும் என்பது கூரைக்கு மேல் வானம் இருக்கும் என்பது மாதிரிதான் எனக்கு.

எங்கள் ஆட்களிடம் ஒரு வழக்கம் உண்டு. பிணத்தை எடுத்த பிறகு, ஆண்கள் மயானத்துக்குப் போய்த் திரும்புவதற்குள், வீட்டில் நிற்கிற பெண்கள் அங்கே பிடித்து வைத்த தண்ணீர் எல்லாவற்றையும் வெளியே ஊற்றிவிட வேண்டும். குடத்துத் தண்ணீர், அண்டாத் தண்ணீர், செம்பில் மிச்சம் கிடக்கிற ஒரு வாய்த் தண்ணீர் கூட. உயிர் போன நேரத்தில் வீட்டுக்குள் இருந்த தண்ணீர் தீட்டு. பாத்திரங்களைத் தேய்த்துக் கவிழ்த்து, தரையைக் கழுவி, புதுத் தண்ணீர் பிடித்து வைப்பார்கள். இது எனக்குத் தெரியாதது இல்லை. எத்தனையோ சாவு வீட்டுக்கு மயானத்திலிருந்து திரும்பி வந்து, காலைக் கழுவிக்கொண்டு, அந்த ஈரத் தரையில் ஏறியிருக்கிறேன். ஊரார் வீட்டில் பார்த்ததை என் வீட்டோடு சேர்த்து நினைக்க அன்றைக்கு மண்டை வேலை செய்யவில்லை.

மயானத்திலிருந்து வந்தபோது வெயில் சாய்ந்திருந்தது. முற்றத்தில் பாத்திரங்களைக் கவிழ்த்து வைத்திருந்தார்கள். குடம், அண்டா, செம்புகள், அவள் தண்ணீர் குடிக்கிற சின்னக் குவளை. கடைசியில் பேசின். அதன் மேல் மூடியிருந்த துணியை அலசிப் பிழிந்து பக்கத்துக் கொடியில் காயப் போட்டிருந்தார்கள்.

நான் காலைக் கழுவவில்லை. வீட்டைச் சுற்றிச் சமையலறைக்குப் பின்னால் போனேன். அங்கே தண்ணீர் ஓடுகிற கான், சேம்புச் செடிகளுக்குள் போய் முடியும். குனிந்து பார்த்தேன். சாம்பலும் சோப்பு நுரையும் கலந்து, மேலே ஒரு சேம்பு இலை கிழிந்து கிடந்தது. இலையைத் தூக்கினேன். இலைக்குழியில் தேங்கின தண்ணீரைக் கையில் ஏந்தி வெளிச்சத்துக்குக் காட்டினேன். வேட்டியெல்லாம் சேறு. ஊசி முனை அளவு உயிரைச் சேற்றில் தேடுகிறவன் பைத்தியக்காரன் என்று எனக்கே தெரியும். ஆனாலும் தேடினேன். எனக்குப் பின்னால் ஆட்கள் கூடிவிட்டார்கள்.

“மாமா, அங்க என்ன பண்றீங்க? எந்திரிங்க.”

“பாவம், மனசு கலங்கிருச்சு. கையப் புடிங்கப்பா.”

“மோதிரம் விழுந்துருச்சு” என்றேன்.

உடனே சொந்தக்காரர்கள் சிலர் வேட்டியை மடித்துக் கட்டிக்கொண்டு கானுக்குள் இறங்கிவிட்டார்கள். ஒருவர் போன் வெளிச்சத்தைப் பிடித்தார். ஒருவர் குச்சியால் கிளறினார். கிளறாதீங்க என்று கத்த வாய் வந்தது, அடக்கிக்கொண்டேன். கொஞ்ச நேரம் போய் எங்கள் பக்கத்து வீட்டுக்காரர் நிமிர்ந்து என் கையைப் பார்த்தார்.

“மோதிரம் வெரல்லதானே கெடக்கு மாமா?”

எல்லோரும் கையை உதறிக்கொண்டு என்னைப் பரிதாபமாகப் பார்த்தார்கள். அப்படி என்னை யாரும் அதற்கு முன் பார்த்ததில்லை.

கொழுந்தியாள் வந்து என் கையைப் பிடித்துக் கூட்டிப்போய்க் குழாயடியில் உட்கார வைத்தாள். காலில் தண்ணீர் ஊற்றினாள். அழுதழுது அவள் குரல் கட்டிப்போயிருந்தது.

“கவலப்படாதீங்க மச்சான். அக்காவுக்கு ஒரு கொறையும் வக்கல. வேற யாரையும் வுடாம எல்லாம் என் கையாலதான் செஞ்சேன். ஒரு சொட்டுத் தண்ணி மிச்சம் வக்கல. பாவம், உங்க வேட்டிக்குப் போட நீலத் தண்ணி கூடக் கலக்கி மூடி வச்சிருந்துச்சு. சீக்காக் கெடந்துகிட்டு அதுக்கும் ஒரு நெனப்பு. அதையும் ஊத்திட்டுத்தான் கழுவினேன்.”

கடையில் ஒரு மீன் செத்து மிதந்தால் தெருவுக்குக் கேட்கிற மாதிரிக் கத்துகிறவன் நான். அன்றைக்கு அவள் என் காலில் ஊற்றிய தண்ணீரையே பார்த்துக்கொண்டிருந்தேன். பிறகு, “நல்ல வேலை செஞ்ச” என்றேன்.

கருமாதி வரைக்கும் அவள் எங்கள் வீட்டிலேயே நின்றாள். ஒரு நாள் சோறு போட்டுக்கொண்டே கேட்டாள்.

“அக்கா போன்ல சொல்லிச்சே, அந்தக் குஞ்செல்லாம் றெக்கை வச்சிருச்சா மச்சான்?”

“வைக்குது.”

“நான் ஊருக்குப் போறப்ப எனக்குக் கொஞ்சம் குடுங்க. எங்கிட்ட அக்காவோடதுன்னு ஒண்ணுமில்ல. சேலையெல்லாம் எனக்குச் சேராது, அக்கா ஒயரம். இதுவாவது அது கையால தின்ன உசிரு.”

சரி என்று சொல்லிவிட்டேன். சொன்ன பிறகு தட்டிலேயே கையைக் கழுவிவிட்டு எழுந்தேன். உண்மையைச் சொன்னால் என்ன ஆகும் என்று நினைத்துப் பார்த்தேன். அக்காள் கடைசியாக ஊட்டின உயிரைக் கானில் ஊற்றியவள் தான் என்று அவளுக்குத் தெரிந்தால், அவள் தூங்க மாட்டாள். எனக்குப் போனது போயிற்று. அவளுக்கும் எதற்கு?

வெல்லவாயப் பக்கம் ஒருவர் ஏஞ்சல் குஞ்சு வளர்க்கிறார். சிங்கள ஆள், தமிழ் பேசுவார். கீழ்நாட்டுச் சூடு அவருக்கு வசதி. நான் மட்டும் அங்கே இருந்திருந்தால் இந்தத் தீவுக்கே குஞ்சு கொடுத்திருப்பேன். அவருடைய குஞ்சு முதுகு கோணல் என்று நான் பதுளையில் சொல்லாத ஆள் இல்லை. என் ஆயுளில் வெளியாளிடம் குஞ்சு வாங்கினதில்லை. கருமாதிக்குச் சாமான் வாங்கப் போகிறேன் என்று வீட்டில் சொல்லிவிட்டு பஸ் ஏறினேன். மழைக் காலம். மண் சரிந்த இடங்களிலெல்லாம் பஸ் நின்று நின்று போனது. திரும்பிப் போய்விடலாமா என்று ஒவ்வொரு இடத்திலும் நினைத்தேன்.

என்னைக் கண்டதும் அவர் வாசலுக்கே வந்துவிட்டார்.

“அடே, பதுளை முதலாளி! வழி தவறி வந்ததா? என் கோணல் குஞ்சு பார்க்க வந்ததா?”

“வாங்க வந்தேன்.”

“நீங்க? எங்கிட்ட?” வீட்டுக்குள் திரும்பிச் சம்சாரத்தைக் கூப்பிட்டு இந்த அதிசயத்தைச் சொன்னார். பிறகு என்னை மேலும் கீழும் பார்த்தார். “உங்க குஞ்சுக்கு என்ன ஆச்சு?”

பெண்கள் ஊற்றிவிட்டார்கள் என்று சொல்லியிருக்கலாம். இவர் குஞ்சு கொடுக்கிற கடைகள் மலைநாடு முழுக்க உண்டு. இந்தக் கதை பண்டாரவளைக்குப் போகும், பூனாகலைக்கும் ஏறும். யார் ஊற்றினது என்று கேட்க ஒரு ஆள் போதும்.

“தண்ணி கெட்டுருச்சு” என்றேன்.

அவர் சிரிப்பு நின்றுவிட்டது. “உங்க தண்ணியா?” என்றார். அப்போதுதான் செட்டை நீளத் தொடங்கிய குஞ்சுகளில் நல்லதாகப் பொறுக்கி, பையில் காற்று அடைத்துக் கட்டிக் கொடுத்தார். முதுகு ஒன்றுக்கும் கோணல் இல்லை. நேராகத்தான் இருந்தது.

அந்தப் பேச்சு நான் ஊர் வந்து சேருவதற்குள் வந்து சேர்ந்தது போலிருந்தது. “முதலாளி, உங்க தண்ணியும் கெடுமாமே?” என்று கடைக்கு வருகிறவர்கள் கேட்டார்கள். நான் விற்ற மீன் செத்தால் அவர்களைத் திட்டி அனுப்பினது எல்லாவற்றுக்கும் சேர்த்து வாங்கிக்கொண்டேன். வயதாயிற்றே என்றும் ஒருவர் சொன்னார். அதுதான் அதிகம் குத்தியது. இப்போது எழுதி வைக்கிறேன்: அந்தத் தண்ணீர் கெடவில்லை. நானும் அவளும் வளர்த்த எந்தக் குஞ்சின் தண்ணீரும் கெட்டதில்லை.

கருமாதி முடிந்து போகும்போது பையைக் கொழுந்தியாள் கையில் கொடுத்தேன். ஒரு தொட்டியும் ஹீட்டரும் கொடுத்தேன். பூனாகலைக் குளிருக்கு ஹீட்டர் நிற்கவே கூடாது என்று சொன்னேன். அவள் எதையும் கேட்டதாகத் தெரியவில்லை. பையைத் தூக்கிக் கன்னத்தோடு வைத்துக்கொண்டாள். உள்ளே குஞ்சுகள் அவள் கண்ணுக்குப் பக்கத்தில் கூடின.

“அக்கா மாதிரியே அமைதியா இருக்கு, பாருங்க” என்றாள்.

நான் பார்க்கவில்லை.

அதற்குப் பிறகு அவள் போன் எடுத்தால் அந்தக் குஞ்சுகளின் பேச்சுதான். பேச்சோடு வழக்கமான வாயும். “உங்க வீட்ட விட எங்க வீட்டுல நல்லாத் திங்குது மச்சான். உங்க மூஞ்சியப் பாத்துக்கிட்டே திங்க வேண்டியதில்லைல, அதான்.” நானும் திருப்பிக் கொடுப்பேன். அந்த வீட்டில் சிரிப்புச் சத்தம் கேட்கும். போனை வைத்த பிறகு எங்கள் வீடு இன்னும் பெரிதாகிவிடும். மீன் அறையில் பழைய ஏஞ்சல் ஜோடி இன்னும் முட்டையிடுகிறது. நான் கல்லை எடுப்பதில்லை. மறுநாள் பார்த்தால் கல் சுத்தமாக இருக்கும்.

வருடத் திவசமும் முடிந்தது. சில நாள் கழித்து ஒரு காலையில் அவள் போன் வந்தது. மூச்சிரைக்கப் பேசினாள்.

“மச்சான், சோடி சேந்துருச்சு! கண்ணாடியில முட்டை வச்சிருக்கு. வரிசையா, மணி கோத்த மாதிரி. எனக்கு ஒடம்பெல்லாம் நடுங்குது. அக்காவே வந்த மாதிரி இருக்கு. என்ன செய்யணும் சொல்லுங்க. ஒண்ணு கூட சாகக் கூடாது.”

அந்த மீனுக்கும் அவள் அக்காளுக்கும் ஒரு சம்பந்தமும் இல்லை. ஆனாலும் சொல்லத் தொடங்கினேன். முட்டை கண்ணாடியில் இருக்கிறது, அதனால் பெரிய மீனைப் பிடித்து வேறு தொட்டியில் விடு. மருந்து இத்தனை சொட்டு. பொரித்து நீந்தின பிறகு குஞ்சை அகலமான பேசினுக்கு மாற்று. அவித்த முட்டை மஞ்சள், பழைய வாயில் துணி. தண்ணீர் கலங்குவதற்கு முன் கையை எடுத்துவிடு.

“அதெல்லாம் அக்கா செய்யிறதப் பாத்திருக்கேன். தட்டணும்ல மச்சான், வெளிம்புல?”

“தட்டு.”

“அப்பறம்?”

“அப்பறம் பேசினுக்குள்ள உசிரு இருக்குன்னு வீட்டுல எல்லாத்துக்கும் சொல்லி வையி. நீலத் தண்ணியில ஒண்ணும் தெரியாது.”

வாயிலிருந்து விழுந்துவிட்டது. அந்தப் பக்கம் மழை தகரத்தில் கொட்டுகிற சத்தம் கேட்டது. மழை மட்டும்தான் கேட்டது. போன் அறுந்துவிட்டதோ என்று, “இருக்கியா?” என்றேன்.

“இருக்கேன்” என்றாள். பிறகு, “சரி மச்சான். சொல்லி வக்கிறேன்.”

ஏன் என்று கேட்கவில்லை. எதற்கும் ஏன் என்று கேட்கிற பெண் அவள். அன்றைக்கும் கேட்கவில்லை, அதற்குப் பிறகும் கேட்கவில்லை. அந்தக் குஞ்சுகள் பொரித்தன, நீந்தின, பெரும்பாலும் பிழைத்தன. ஒழுங்காக போன் எடுத்து, தின்றதையும் வளர்ந்ததையும் சொல்கிறாள். எல்லாம் சொல்கிறாள். என்னைச் சீண்டுவதை மட்டும் விட்டுவிட்டாள்.

போன வாரம் நானாகவே வாயைக் கொடுத்துப் பார்த்தேன்.

“என்ன, கடைசியில நீயும் மீனுக்கு ஆயாவாயிட்டியா? ஈ.பி.எப். உண்டா?”

ஏதாவது திருப்பிச் சொல்வாள் என்று போனைக் காதோடு அழுத்திப் பிடித்துக்கொண்டு நின்றேன்.

“ஆமாங்க மச்சான்” என்றாள்.